போர்க்காலக் கூட்டணிகளும் இன்றைய உலக ஒழுங்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சர்வதேச உறவுகள் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் சில சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஐ.நா. பாதுகாப்பு அவையின் முடிவைத் தனியாகவே தடுக்கும் வீட்டோ அதிகாரம் ஏன் ஐந்து நாடுகளுக்கு மட்டும்? 1945-ன் யால்டா மாநாட்டில் உலகைப் பங்கு போட்டார்களா? நேட்டோ ராணுவக் கூட்டணியில் ஒருவரைத் தொட்டால் எல்லோரும் ஓடி வருவார்களா? இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். போரின் நடுவே தோழமை நாடுகள் ஒன்றையொன்று முழுதாக நம்பாமல் எழுதிக்கொண்ட நிபந்தனைகளே, போர் முடிந்தபின் உலக விதிகளாக நிலைத்தன. கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே கீழே தந்திருக்கிறோம்.

கூட்டணி என்றாலே ராணுவ ஒப்பந்தம்தானே? ‘போர்க்காலக் கூட்டணி’ என்று தனியாக என்ன இருக்கு?

நேட்டோ மாதிரியான ஒப்பந்தக் கூட்டணி, சண்டை வருவதற்கு முன்பே ‘வந்தால் என்ன செய்வோம்’ என்று எழுதி வைப்பது. போர்க்காலக் கூட்டணி சண்டைக்குள்ளேயே பிறக்கிறது. அதில் சேர்பவர்களுக்குப் பொதுவாக இருப்பது எதிரி மட்டும்தான். கொள்கையோ, ஆட்சிமுறையோ, போருக்குப் பிந்தைய கனவோ ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

1941 ஜூன் 22 வரை சோவியத் யூனியன் ஜெர்மனிக்குத் தானியமும் எண்ணெயும் அனுப்பிக்கொண்டிருந்தது. அன்று விடியற்காலை ஹிட்லரின் படைகள் எல்லையைத் தாண்டின. அன்று இரவே, வாழ்நாள் முழுக்கக் கம்யூனிசத்தை எதிர்த்த பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் சோவியத்துக்கு உதவுவதாக வானொலியில் அறிவித்தார். இப்படி ஒரே நாளில் கூடியவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்போடும் நிபந்தனைகளைத் தேடியதில் வியப்பில்லை.

சேரும்போது தாளில் என்னதான் எழுதிக்கொள்வார்கள்?

தெளிவான உதாரணம், நெப்போலியனுக்கு எதிராக 1814 மார்ச்சில் கையெழுத்தான ஷோமான் ஒப்பந்தம். பிரிட்டன், ஆஸ்திரியா, பிரஷ்யா, ரஷ்யா ஆகிய நான்கும் தலைக்கு 1,50,000 வீரர்களைக் களத்தில் வைத்திருக்க வேண்டும். பிரிட்டன் அந்த ஆண்டுச் செலவுக்காக 50 லட்சம் பவுண்டு தந்து, மற்ற மூவரும் அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். யாரும் எதிரியோடு தனிச் சமாதானம் செய்யக் கூடாது. ஒப்பந்தம் 20 ஆண்டுகள் நீடிக்கும். ஆள், பணம், விலகாமை, காலம் என்ற இந்த நான்கும் பின்னால் வந்த கூட்டணிகளிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கின்றன.

இவற்றில் உயிர்நாடி தனிச் சமாதானத் தடைதான். புரட்சிப் பிரான்சுக்கு எதிரான முதல் கூட்டணி அதை மீறியதால்தான் சிதைந்தது: 1795-ல் பிரஷ்யாவும் ஸ்பெயினும் பிரான்சோடு பாசலில் சமாதானம் செய்துகொண்டன, 1797-ல் ஆஸ்திரியாவும் ஒதுங்கியது. எதிரிக்கு எல்லோரையும் வெல்ல வேண்டிய தேவையே இல்லை. ஒருவரைப் பிரித்தெடுத்தால் போதும். 1914 செப்டம்பர் 5-ல் பிரிட்டன், பிரான்ஸ், ரஷ்யா லண்டனில் இதே தடையை எழுதிக்கொண்டன. ஆனாலும் புரட்சிக்குப் பின் வந்த ரஷ்ய அரசு 1918 மார்ச் 3-ல் பிரெஸ்ட்-லிட்டோவ்ஸ்க்கில் ஜெர்மனியோடு தனியாகக் கையெழுத்திட்டது. கையெழுத்துப் போட்ட அரசே கவிழ்ந்துவிட்டால் அந்தத் தாளுக்கு வலு இல்லை.

ஜெயித்த கையோடு ஏன் அடித்துக்கொள்கிறார்கள்?

பெரும்பாலும் ஜெயிப்பதற்கு முன்பே அது தொடங்கிவிடுகிறது. எதிரியின் பலம் குறையக் குறைய, ‘போர் முடிந்தபின் யார் எங்கே நிற்பது’ என்ற கணக்கு மேலே வருகிறது. நெப்போலியன் தோற்றபின் கூடிய வியன்னா மாநாட்டில் ரஷ்யா போலந்தைக் கேட்டது, பிரஷ்யா சாக்சனி முழுவதையும் கேட்டது. இதைத் தடுக்க 1815 ஜனவரி 3-ல் பிரிட்டனும் ஆஸ்திரியாவும் யாரோடு ரகசிய ஒப்பந்தம் செய்தன தெரியுமா? சில மாதங்களுக்கு முன் தோற்கடித்த பிரான்சோடு! கடைசியில் பிரஷ்யா சாக்சனியின் ஒரு பகுதியோடு நின்றுகொண்டது. மார்ச்சில் நெப்போலியன், நாடு கடத்தப்பட்டிருந்த எல்பா தீவிலிருந்து திரும்பி வந்ததும் அதே நான்கு நாடுகள் ஷோமான் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக்கொண்டன. எதிரி மீண்டால் கூட்டணியும் மீள்கிறது.

வியன்னா மாநாடெல்லாம் 200 வருஷப் பழசு. இன்றைக்கு அதில் என்ன மிச்சம்?

நிறைய. தூதர்களின் வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். 1661-ல் லண்டனில், ஸ்வீடன் தூதரின் வரவேற்பு ஊர்வலத்தில் யாருடைய வண்டி முன்னால் போவது என்று ஸ்பெயின் தூதரின் ஆட்களும் பிரான்ஸ் தூதரின் ஆட்களும் தெருவில் மோதி, மனிதர்களும் குதிரைகளும் செத்தார்கள். எந்த அரசன் பெரியவன் என்பதே அங்கே வழக்கு. 1815 மார்ச்சில் வியன்னாவில் கூடியவர்கள் இதற்கு முற்றுப்புள்ளி வைத்தார்கள்: ஒரே தரத்துத் தூதர்களில் யார் தம் வருகையை முதலில் முறைப்படி அறிவித்தாரோ அவரே மூத்தவர். நாட்டின் பருமன் கணக்கில் வராது. 1961-ன் தூதரக உறவுகள் பற்றிய வியன்னா உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவும் பொறுப்பேற்ற தேதியையும் நேரத்தையும் வைத்தே வரிசை போடுகிறது. குட்டித் தீவு நாட்டின் தூதர் வல்லரசின் தூதருக்கு முன்னால் நிற்பது இதனால்தான்.

ரைன் நதிப் போக்குவரத்துக்கான மத்திய ஆணையமும் அந்த மாநாட்டில் பிறந்ததுதான். இன்றும் ஸ்ட்ராஸ்பூர்கில் இயங்குகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது, 1815 நவம்பரில் நால்வரும் எழுதிக்கொண்ட ஒரு பிரிவு: அவ்வப்போது கூடிப் பேசுவோம் என்பது. போர் இல்லாத காலத்திலும் வல்லரசுகள் மாநாடு கூட்டும் வழக்கம் அங்கிருந்து வருகிறது. 1818-ல் ஆகன் நகரில் கூடியபோது தோற்ற பிரான்சையும் உள்ளே சேர்த்துக்கொண்டார்கள்.

முதல் உலகப் போரில் ஒரே தளபதியைப் போட ஏன் நாலு வருஷம் ஆச்சு?

தன் நாட்டுப் பிள்ளைகளை இன்னொரு நாட்டுக்காரன் சாகச் சொல்லும் அதிகாரத்தை எந்த அரசும் எளிதில் கொடுக்காது. 1917 அக்டோபரில் கபோரெட்டோவில் இத்தாலியப் படை நொறுங்கிய பிறகே, நவம்பரில் ரப்பலோவில் உச்சப் போர்க் குழு அமைந்தது. 1918 மார்ச் 21-ல் தொடங்கிய ஜெர்மன் தாக்குதலில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் இரண்டாகப் பிளக்கப்படும் நிலை வந்தது. மார்ச் 26-ல் டூலான் ஊரில் பிரெஞ்சுத் தளபதி ஃபோஷிடம் ஒருங்கிணைக்கும் பொறுப்பைத் தந்தார்கள். ஏப்ரல் 3-ல் போவேயில் அது போர்த்திட்ட வழிநடத்தலாக விரிந்தது. அப்போதும் ஒவ்வொரு நாட்டுத் தளபதிக்கும், தன் படைக்கு ஆபத்து என்று தோன்றினால் சொந்த அரசிடம் முறையிடும் உரிமை இருந்தது.

அந்த உரிமைதான் இன்றைய கூட்டுப் படைகளின் அடிப்படை. கூட்டுத் தளபதிக்குக் கிடைப்பது செயல்பாட்டுக் கட்டுப்பாடு மட்டுமே. முழுக் கட்டளை தாய்நாட்டிடமே இருக்கும். ஆப்கானிஸ்தானில் நேட்டோ தலைமையில் இருந்த படைகளில் பல, ‘இந்த மாகாணத்தைத் தாண்டிப் போக மாட்டோம்’, ‘இந்த வகைத் தாக்குதலில் இறங்க மாட்டோம்’ என்று தத்தம் அரசின் தடைகளோடுதான் வந்தன. வரைபடத்தில் ஒரே படையாகத் தெரிவது களத்தில் பத்துப் பன்னிரண்டு விதிப் புத்தகங்களாக இருக்கும். திட்டங்கள் தாமதமாவதற்கு இது பெரிய காரணம்.

சண்டை போடுவது தவிர கூட்டணிகள் வேறு எதையாவது உருவாக்கியதா?

கப்பல்களைச் சொல்ல வேண்டும். நீர்மூழ்கிகளால் சரக்குக் கப்பல்கள் மூழ்கிக்கொண்டிருந்தபோது, 1918-ல் நேச நாடுகளின் கடல் போக்குவரத்துக் குழு செயல்படத் தொடங்கியது. யாருக்கு எவ்வளவு கோதுமை, எவ்வளவு நிலக்கரி என்பதை எல்லா நாட்டு அதிகாரிகளும் ஒரே மேசையில் கணக்குகளைத் திறந்து வைத்து முடிவு செய்தார்கள். அந்த மேசையில் இருந்த பிரெஞ்சுக்காரர் ஜான் மொன்னே. பிறகு, முதல் உலகப் போருக்குப் பின் அமைந்த, ஐ.நா.வின் முன்னோடியான சர்வதேச சங்கத்தின் துணைப் பொதுச்செயலாளர் ஆனார். 1952-ல் ஐரோப்பிய நிலக்கரி, எஃகு சமூகத்தின் உயர் ஆணையத்துக்கு முதல் தலைவர். ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி அதுதான்.

சர்வதேச சங்கம் செத்தது, ஐ.நா. பிழைத்தது. ஏன்?

1919-ல் கூட்டணி சங்கமாக மாறுவதற்குள் அதன் மிகப் பெரிய பலம் வெளியே போய்விட்டது. போரிலேயே அமெரிக்கா தன்னை ‘நேச நாடு’ என்று சொல்லிக்கொள்ளவில்லை, ‘இணைந்த நாடு’ என்றுதான் சொன்னது. 1919 நவம்பரிலும் 1920 மார்ச்சிலும் சங்கத்தை உள்ளடக்கிய வெர்சாய் சமாதான ஒப்பந்தத்தை அமெரிக்க செனட் ஏற்கவில்லை. பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஜப்பான் நிரந்தர இடங்களில் அமர்ந்தன. ஜப்பான் 1933-லும் இத்தாலி 1937-லும் விலகல் அறிவித்தன. தோற்ற ஜெர்மனிக்கு 1926 வரை இடமில்லை. 1815-ல் தோற்ற பிரான்ஸ் மூன்றே ஆண்டில் உள்ளே வந்ததோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

1945-ல் ஐ.நா. அமைப்பைக் கட்டியவர்கள் போர் முடிவதற்கு முன்பே அதைக் கட்டி முடிக்க அவசரப்பட்டார்கள். ஐ.நா. சாசனத்தை எழுதிய சான் பிரான்சிஸ்கோ மாநாடு ஏப்ரல் 25-ல் தொடங்கியபோது பெர்லின் இன்னும் விழவில்லை. எதிரி இருக்கும்போதே எல்லோரையும் கட்டிவிட வேண்டும் என்பதே கணக்கு.

ஐ.நா. அமைதிக்காக வந்த அமைப்பு. அதைப் போய் போர்க்கூட்டணி என்கிறீர்களே?

1942 ஜனவரி 1-ல் வாஷிங்டனில் அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன், சீனா நான்கும், மறுநாள் இன்னும் 22 நாடுகளும் கையெழுத்திட்ட போர்ப் பிரகடனத்தின் பெயரே ஐக்கிய நாடுகளின் பிரகடனம். அதிலும் தனிச் சமாதானத் தடை உண்டு. எதிரி யார் என்ற இடத்தில் ஒரு நுணுக்கம்: ‘அந்தந்த அரசு எவற்றோடு போரில் இருக்கிறதோ’ அந்த நாடுகளுக்கு எதிராக என்று எழுதினார்கள். சோவியத்துக்கு ஜப்பானோடு அப்போது போர் இல்லையே!

1945 மார்ச் 1-க்குள் அச்சு நாடுகள் (ஜெர்மனி, ஜப்பான் தரப்பு) மீது போர் அறிவித்து இந்தப் பிரகடனத்தில் சேர்பவர்களுக்கே சான் பிரான்சிஸ்கோ அழைப்பு என்று யால்டாவில் முடிவானது. பிப்ரவரி கடைசியில் துருக்கி உட்படப் பல நாடுகள் வரிசையாகப் போர் அறிவித்தது அதனால்தான். எகிப்துப் பிரதமர் அகமது மாகிர் அந்த முடிவை நாடாளுமன்றத்தில் அறிவித்த அன்றே, பிப்ரவரி 24-ல், சுட்டுக் கொல்லப்பட்டார்.

1945-ல் இந்தியாவுக்குச் சுதந்திரமே கிடைக்கவில்லை. எப்படி ஸ்தாபக உறுப்பினர்?

கூட்டணியில் படை தந்ததற்கான இடம் அது. முதல் உலகப் போரில் இந்தியப் படைகளின் பங்கால் வெர்சாய் ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குத் தனிக் கையெழுத்தும், சர்வதேச சங்கத்தில் தனி உறுப்பிடமும் கிடைத்தன. இரண்டாம் போரில் இந்திய ராணுவம் சுமார் 25 லட்சம் பேராக வளர்ந்தது. 1942 பிரகடனத்திலும் இந்தியா இருந்தது. 1945-ல் ஐ.நா. சாசனத்தில் இந்தியாவுக்காக ஆற்காடு ராமசாமி முதலியாரும் வி.டி. கிருஷ்ணமாச்சாரியும் கையெழுத்திட்டார்கள், மறு ஆண்டு பொருளாதார, சமூக அவையின் முதல் தலைவராகவும் முதலியார் அமர்ந்தார். அவர்களை அனுப்பியது பிரிட்டிஷ் இந்திய அரசு என்பதையும் மறக்கக் கூடாது. காங்கிரஸ் தலைவர்கள் பலர் அப்போது சிறையில். 1947-ல் அந்த உறுப்பிடம் இந்தியாவிடம் தொடர, பாகிஸ்தான் புதிய உறுப்பினராகச் சேர்ந்தது.

வீட்டோ ஐந்து பேருக்குப் போனது அநியாயம் இல்லையா? யாரும் எதிர்க்கலையா?

எதிர்த்தார்கள். வீட்டோ கிடைத்த ஐந்தும் அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் யூனியன், சீனா. சான் பிரான்சிஸ்கோவில் ஆஸ்திரேலிய வெளியுறவு அமைச்சர் எவாட் தலைமையில் சிறிய, நடுத்தர நாடுகள் கடுமையாகப் போராடின. வீட்டோ இல்லையென்றால் சாசனமே இல்லை என்று அமெரிக்க செனட்டர் கானலி வரைவுத் தாளைக் கிழித்துக் காட்டினார். அதுதான் உண்மை நிலையும்கூட: சோவியத்தும் சரி, அமெரிக்க செனட்டும் சரி, தம்மை மீறி முடிவெடுக்கும் அமைப்பில் சேர்ந்திருக்காது. ஷோமான் காலத்திலிருந்து வரும் ‘எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான்’ என்ற கூட்டணி விதி, 27-ஆம் பிரிவாகச் சாசனத்தில் ஏறியது. நியாயம் என்று இதைச் சொல்ல முடியாது. அன்று கிடைத்த ஒரே விலை அது.

நடைமுறையில் மூன்று விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். பாதுகாப்பு அவை எப்படி நடக்க வேண்டும் என்பது பற்றிய வாக்கெடுப்பில் வீட்டோ கிடையாது. வாக்களிக்காமல் ஒதுங்குவது வீட்டோ ஆகாது. முடிவு நிறைவேற, அவையில் இப்போதுள்ள 15 உறுப்பினர்களில் 9 பேரின் ஆதரவும் வேண்டும். 1965-க்கு முன் 11-ல் 7.

பணம் யார் போட்டது? அதற்கும் உலக ஒழுங்குக்கும் என்ன சம்பந்தம்?

பலர் தாண்டிப் போகும் கேள்வி இது. எங்கள் கருத்தில் மிக முக்கியமானதும் இதுதான். 1941 மார்ச் 11-ல் நேச நாடுகளுக்குப் போர்ப் பொருள்களை உடனே பணம் கேட்காமல் தர, அமெரிக்கா கடன்-குத்தகைச் சட்டம் இயற்றியது. போர் முடியும்வரை சுமார் 5,000 கோடி டாலர் மதிப்புள்ள பொருள் போனது. பிரிட்டனுக்கும் அதன் பேரரசுக்கும் சுமார் 3,100 கோடி, சோவியத்துக்கு சுமார் 1,100 கோடி. விலையைப் பணமாகக் கேட்கவில்லை. 1942 பிப்ரவரி 23-ன் உடன்பாட்டில் 7-ஆம் பிரிவாக ஒன்றைக் கேட்டார்கள்: உலக வணிகத்தில் பாரபட்சத்தை ஒழிக்கவும் சுங்க வரிகளைக் குறைக்கவும் பிரிட்டன் ஒத்துழைக்க வேண்டும். குறி வைத்தது, பிரிட்டன் தன் பேரரசு நாடுகளுக்கு 1932 முதல் தந்துவந்த வரிச் சலுகையை. இந்தப் பிரிவின் வழியே போனால் 1947-ல் 23 நாடுகள் கையெழுத்திட்ட, சுங்க வரிகளையும் வணிகத்தையும் பற்றிய காட் பொது உடன்பாடும், 1995-ல் உலக வணிக அமைப்பும் வரும்.

1944 ஜூலையில் பிரெட்டன் உட்ஸில் கூடிய 44 நாடுகளும் போர்க்கூட்டணியிலோ அதோடு இணைந்தோ இருந்தவைதாம். அங்கே உருவான சர்வதேச நிதியத்தில் போட்ட பங்குக்கு ஏற்ப வாக்கு. பெரிய முடிவுகளுக்கு 85 சதவீதம் வேண்டும். அமெரிக்காவிடம் 16 சதவீதத்துக்கு மேல் இருப்பதால், வீட்டோ என்று எழுதாமலேயே வீட்டோ இருக்கிறது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் பணிந்ததும் கடன்-குத்தகை சட்டென்று நின்றது. தவித்துப்போன பிரிட்டன் டிசம்பரில் 375 கோடி டாலரை 2 சதவீத வட்டிக்கு வாங்கியது. பவுண்டைத் தடையின்றி டாலராக மாற்ற விட வேண்டும் என்பது நிபந்தனை. 1947 ஜூலையில் திறந்துவிட்டார்கள்; டாலர் கையிருப்பு கரைந்ததால் ஆகஸ்டிலேயே மூடினார்கள். கடனின் கடைசித் தவணை கட்டப்பட்டது 2006 டிசம்பரில்.

யால்டாவில் மூன்று பேர் உட்கார்ந்து ஐரோப்பாவைப் பங்கு போட்டார்கள் என்கிறார்களே?

எந்த நாட்டில் யாருக்கு எவ்வளவு செல்வாக்கு என்று சதவீதம் எழுதிய தாள் யால்டாவில் எழுதியதல்ல. 1944 அக்டோபர் 9-ல் மாஸ்கோவில் சர்ச்சில் எழுதி, சோவியத் தலைவர் ஸ்டாலின் பென்சிலால் குறியிட்டது. ருமேனியாவில் ரஷ்யாவுக்கு 90, கிரேக்கத்தில் பிரிட்டனுக்கு 90, யூகோஸ்லாவியாவிலும் ஹங்கேரியிலும் பாதிப் பாதி. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் அங்கே இல்லை.

1945 பிப்ரவரி 4 முதல் 11 வரை இந்த மூவரும் யால்டாவில் கூடியபோது சோவியத் செம்படை ஏற்கெனவே ஓடர் நதிக்கரையில், பெர்லினை நெருங்கி நின்றது. போலந்தின் பெரும்பகுதி அதன் கையில். தாளில் ‘சுதந்திரமான தேர்தல்’ என்று எழுதினார்கள். அதை நிறைவேற்ற வைக்கும் வழி ரூஸ்வெல்ட்டுக்கும் சர்ச்சிலுக்கும் இல்லை. அவர்களுக்கு ஸ்டாலினிடமிருந்து வேறொன்று தேவைப்பட்டது: ஜெர்மனி வீழ்ந்து இரண்டு மூன்று மாதத்தில் ஜப்பான் மீது போர். மே 8-ல் ஜெர்மனி சரணடைய, ஆகஸ்ட் 8-ல் சோவியத் போர் அறிவித்தது.

நேட்டோவில் ஒருவரை அடித்தால் மற்ற எல்லோரும் தானாகவே போரில் இறங்கணுமா?

இல்லை. 1949 ஏப்ரல் 4-ல் கையெழுத்தான ஒப்பந்தத்தின் 5-ஆம் பிரிவு, ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்கிறது. ஆனால் ஒவ்வொரு நாடும் ‘தான் தேவையென்று கருதும்’ நடவடிக்கையை எடுக்கும் என்றே தொடர்கிறது. போர் அறிவிக்கும் உரிமையை அமெரிக்க காங்கிரஸ் விட்டுத்தராது என்பதால் வந்த சொற்கள் அவை. 6-ஆம் பிரிவு எல்லையையும் வரையறுக்கிறது: ஐரோப்பா, வட அமெரிக்கா, துருக்கி, கடகரேகைக்கு வடக்கே உள்ள அட்லாண்டிக் தீவுகள். 1982-ல் தென் அட்லாண்டிக்கின் ஃபாக்லாந்து தீவுகளுக்காக பிரிட்டன் அர்ஜென்டினாவோடு மோதியபோது அது பொருந்தாமல் போனது அதனால்தான். 5-ஆம் பிரிவைச் செயல்படுத்தியது ஒரே முறை, 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின்.

கொரியப் போரிலும் 1991 வளைகுடாப் போரிலும் சண்டை போட்டது ஐ.நா. படையா?

ஐ.நா.வுக்கென்று படை கிடையாது. சாசனத்தின் 43-ஆம் பிரிவுப்படி உறுப்பு நாடுகள் படை ஒதுக்கியிருக்க வேண்டும். அந்த உடன்பாடுகள் கையெழுத்தாகவே இல்லை. 1950-ல், சீனாவின் இடம் எந்தச் சீன அரசுக்கு என்ற தகராறில் சோவியத் பாதுகாப்பு அவைக்கு வராமல் இருந்ததால் கொரியா பற்றிய தீர்மானங்கள் நிறைவேறின. தளபதியை நியமிக்கும் பொறுப்பு அமெரிக்காவுக்கு, கொடி ஐ.நா.வுடையது, போர்ப் படை அனுப்பியவை 16 நாடுகள். இந்தியா மருத்துவப் பிரிவை அனுப்பியது.

1990 நவம்பர் 29-ன் 678-ஆம் தீர்மானம், 1991 ஜனவரி 15-க்குள் ஈராக் குவைத்தை விட்டுப் போகாவிட்டால் ‘தேவையான எல்லா வழிகளையும்’ பயன்படுத்த உறுப்பு நாடுகளுக்கு அனுமதி தந்தது. கியூபாவும் ஏமனும் எதிர்த்தன, சீனா ஒதுங்கியது. இங்கே கொடியும் ஐ.நா.வுடையது அல்ல. மேலை நாட்டுப் படைகள் அமெரிக்கத் தளபதி ஷ்வார்ஸ்காஃப் கீழும், அரபுப் படைகள் சவுதி இளவரசர் காலித் பின் சுல்தான் கீழும் இருந்தன. ஈராக்கின் ஸ்கட் ஏவுகணைகள் விழுந்தும் இஸ்ரேலைப் பதிலடி தராமல் அமெரிக்கா தடுத்து வைத்தது. இஸ்ரேல் இறங்கினால் அரபு நாடுகள் விலகிவிடும் என்பதே ஈராக் அதிபர் சதாம் உசேனின் கணக்கு. கூட்டணியில் ஒருவரைப் பிரித்தெடுக்கும், 1795 பாசல் காலத்து உத்தி இது.

நிறைய நாடுகள் சேர்ந்துவிட்டால் போர் சட்டப்படி சரியாகிவிடுமா?

ஆகாது. சாசனப்படி பலப்பிரயோகத்துக்கு இரண்டே வாசல்: 51-ஆம் பிரிவின் தற்காப்பு, அல்லது பாதுகாப்பு அவையின் அனுமதி. 2003 மார்ச்சில் அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயின் கொண்டுவந்த வரைவு வாக்கெடுப்புக்குப் போகாமலே திரும்பப் பெறப்பட்டது. அதன்பின் ஈராக்கைத் தாக்கினார்கள். பல நாடுகளின் பெயர்ப் பட்டியல் இருந்தும், அது சாசனத்துக்கு ஏற்றதல்ல என்று அப்போதைய பொதுச்செயலாளர் கோஃபி அன்னான் 2004-ல் வெளிப்படையாகச் சொன்னார்.

சாசனத்தில் இன்னும் ‘எதிரி நாடு’ என்று இருக்காமே? ஜப்பானும் ஜெர்மனியும் அதைப் பொறுத்துக்கொள்கிறதா?

இருக்கிறது. 53, 77, 107-ஆம் பிரிவுகளில், இரண்டாம் உலகப் போரில் சாசன நாடுகளுக்கு எதிரியாக இருந்த நாடு என்ற சொற்கள் அப்படியே உள்ளன. பெயர் எதுவும் குறிப்பிடப்படவில்லை. 1995-ல் பொது அவை அவற்றைக் காலாவதியானவை என்றது, 2005 உச்சி மாநாட்டில் நீக்கத் தீர்மானித்தார்கள், இன்னும் நீக்கவில்லை. 23-ஆம் பிரிவிலும் நிரந்தர உறுப்பினர்களாகச் ‘சீனக் குடியரசு’, ‘சோவியத் சோஷலிசக் குடியரசுகளின் ஒன்றியம்’ என்றே அச்சாகிறது. சீன இடம் 1971 அக்டோபர் 25-ல் பொது அவையின் 2758-ஆம் தீர்மானத்தால் பெய்ஜிங்குக்குப் போனது. சோவியத் இடம் 1991 டிசம்பர் 24-ல் யெல்ட்சின் எழுதிய ஒரு கடிதத்தோடு ரஷ்யாவுக்குப் போனது, வாக்கெடுப்பே இல்லாமல்.

திருத்தாததற்குக் காரணம் 108-ஆம் பிரிவு. பொது அவையில் மூன்றில் இரண்டு பங்கு வாக்கு, பிறகு மூன்றில் இரண்டு பங்கு உறுப்பு நாடுகளின் ஒப்புதல், அதில் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும் கட்டாயம். முடியாத காரியமல்ல: 1963-ல் பாதுகாப்பு அவையைப் பெரிதாக்கும் திருத்தம் நிறைவேறி 1965-ல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் ஒரு சொல்லை நீக்கச் சாசனத்தைத் திறந்தால், நிரந்தர இடம் யாருக்கு என்ற கேள்வியும் அதே மேசைக்கு வரும். இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் நான்கும் அதற்காகவே காத்திருக்கின்றன. 1945-ல் ஐந்து பேர் வாங்கிய பூட்டைத் திறக்க, அதே ஐந்து பேரின் சாவியும் வேண்டும்.